நீங்கள் சொன்னால் நாலு பேர் ஏன் கேட்க வேண்டும்? துறை அறிவை நம்பிக்கையாக மாற்றுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகுதான் தாய்மார்களைத் தொட வேண்டும். அந்த ஏப்ரலில் அங்கே பிரசவித்த பெண்களில் 18 விழுக்காட்டுக்கும் மேல் இறந்திருந்தார்கள். மே நடுவில் கை கழுவல் தொடங்கியது. ஜூனில் இறப்பு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? ஆனாலும் சக மருத்துவர்களில் பெரும்பாலோர் அவர் சொன்ன காரணத்தை ஏற்கவில்லை. அவரும் தன் கண்டுபிடிப்பை முழு நூலாக எழுத 1861 வரை எடுத்துக்கொண்டார். பிறகு மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டித் திறந்த மடல்கள் எழுதினார். இருந்த கொஞ்ச ஆதரவும் போயிற்று. 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

சரியாகச் சொல்வது ஒரு வேலை, சொன்னதை மற்றவர் ஏற்கும்படி செய்வது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். பேசத் தெரிந்தவர்களோ முதல் வேலை இல்லாமலே இரண்டாவதை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு.

கேட்பவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு உங்கள் துறை தெரியாது. தெரிந்தால் உங்களிடம் வரவே மாட்டார். ஆகவே நீங்கள் சொல்வதில் மிக முக்கியமான பகுதியை அவரால் சரிபார்க்க முடியாது. அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பார்? தன்னால் சரிபார்க்க முடிகிற சின்ன விஷயங்களில் நீங்கள் எப்படி என்று கவனிப்பார். அங்கே சரியாக இருந்தால், பெரிய விஷயத்திலும் நம்பிப் பார்க்கலாம் என்று துணிவார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

அரிஸ்டாட்டில் இதை வேறு விதமாகப் பிரித்தார். பேசுபவர் மீது நம்பிக்கை வர மூன்று வேண்டும் என்றார்: நடைமுறை அறிவு, நல்ல குணம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். அந்த நம்பிக்கை, பேசுபவருக்கு முன்பே இருக்கும் பெயரால் வராமல் பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

படி 1: உங்கள் பரப்பைச் சுருக்குங்கள்

"நிதி ஆலோசகர்", "வேளாண் நிபுணர்", "உடல்நல வல்லுநர்" என்று அகலமாகப் பெயர் வைத்துக்கொண்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும், எதிலாவது தடுமாறுவீர்கள். "சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பயிர் மஞ்சளாவது ஏன்" என்ற அளவுக்குச் சுருக்கினால் அதில் உங்களை மிஞ்ச ஆள் குறைவு.

சுருக்கியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பரப்பில் அறிஞர்கள் தங்களுக்குள் எங்கே கருத்து வேறுபடுகிறார்கள் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? எல்லாரும் ஒத்துக்கொள்வதை மேலோட்டமாகப் படித்தவரும் சொல்லிவிடுவார். சண்டை எங்கே என்று சொல்ல உள்ளே போயிருக்க வேண்டும். பதில் வரவில்லையா, இன்னும் சுருக்குங்கள், அல்லது இன்னும் படியுங்கள்.

வழி நெடுக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மண்ணியல் படித்த ஓர் இளைஞர் விவசாயிகள் கூட்டத்தில் பேசப் போகிறார். அவர்களிடம் அவர் கேட்கப் போவது ஒன்றே ஒன்று: மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடாதீர்கள். எதிரே இருப்பவர்கள் இவர் பிறப்பதற்கு முன்பே ஏர் பிடித்தவர்கள்.

படி 2: பெரிய பேச்சுக்கு முன்னால் சிறிய வேலை

டார்வின் 1844லேயே தன் பரிணாமக் கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி வைத்துவிட்டார். வெளியிடவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய நண்பர் ஹூக்கர் ஒரு கடிதத்தில், பல இனங்களை நுணுக்கமாக விவரித்துப் பழகாத ஒருவருக்கு இனங்களைப் பற்றிய பொதுக் கேள்வியை ஆராய உரிமை இல்லை என்கிற கருத்தில் எழுதினார். சொன்னது வேறொருவரைப் பற்றி. டார்வினுக்கு அது தன் மேல் விழுந்த அடியாகவே பட்டது. 1846 முதல் 1854 வரை அவர் கொட்டலசு என்ற கடல் உயிரிகளை அறுத்து, உருப்பெருக்கியில் பார்த்து, வகைப்படுத்தினார். அதற்காக 1853இல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்தபோது, அதை எதிர்த்தவர்களால்கூட "இந்த ஆளுக்கு விலங்கியல் தெரியாது" என்று ஒதுக்க முடியவில்லை.

எட்டு ஆண்டுகள் எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனால் உங்கள் துறையில் இருப்பவர்கள் பார்த்து "இது ஒழுங்கான வேலை" என்று ஒத்துக்கொள்ளும் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அலசிப் பார்த்த ஒரு தரவுத் தொகுப்பு, முடித்துக் கொடுத்த ஒரு திட்டம், ஒரு சின்னச் சிக்கலின் முழு ஆய்வு, எதுவும் ஆகலாம். நம் மண்ணியல்காரர் கூட்டத்துக்கு வரும் முன் சில வயல்களில் தானே மண் எடுத்திருக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எரு குவித்த இடம் தவிர்த்து, வயல் முழுக்க வளைந்து வளைந்து போய்ப் பல இடங்களில் எடுத்துக் கலந்திருக்க வேண்டும். அதைச் செய்தவர் பேசும்போது தானாகவே "எரு குவித்த இடத்தில் எடுத்துவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை வந்து விழும். முன்வரிசையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவது அந்த வார்த்தைக்குத்தான்.

படி 3: நாளைக்கே சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள்

மற்ற படிகளைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நம் மண்ணியல்காரர் வழக்கம்போல் தொடங்கினால் கார அமில நிலை, அயனிப் பரிமாற்றம் என்று போகும். கூட்டம் தலையாட்டும், கலையும், வழக்கமான உரத்தையே வாங்கும். அதை விட்டுவிட்டு அவர் இரண்டு மஞ்சள் இலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு இப்படிப் பேசட்டும்:

"பயிர் மஞ்சளானால் எல்லாரும் யூரியா போடுகிறோம். நாளைக்குக் காலையில் வயலுக்குப் போனதும் ஒன்று மட்டும் பாருங்கள். மஞ்சள் அடியிலுள்ள பழைய இலையில் தொடங்கியிருக்கிறதா, மேலே இளம் இலையில் தொடங்கியிருக்கிறதா? அடியில் என்றால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், யூரியா கேட்கும். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தைச் சந்தேகப்படுங்கள். அதற்கு யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பச்சை திரும்பாது."

காரணத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் பழையது முதலில் வாடும். இரும்பு அப்படி எளிதில் நகராது, அதனால் புதிதாக வரும் இலை வெளுக்கும்.

மறுநாள் காலை என்ன நடக்கும்? விவசாயி குனிந்து இலையைப் புரட்டிப் பார்ப்பார். முப்பது ஆண்டாகப் பார்த்த பயிர்தான், ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. சொன்னபடி இருந்தால் பேசியவர் மேல் அவருக்கே ஒரு மரியாதை பிறக்கும். அதன் பிறகு, கண்ணால் பார்க்க முடியாத கார அமில நிலையைப் பற்றிச் சொன்னாலும் காது கொடுப்பார். மண் பரிசோதனைக்கான வேண்டுகோள் அந்த இடத்தில் வந்தால் வேலை செய்யும். முதல் நிமிடத்தில் வந்தால் செய்யாது.

இந்த மாதிரி ஒன்றை உங்கள் துறையில் எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்பவர் கையில் ஏற்கனவே இருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள். தகவல் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர், "செல்போனை எடுத்து, எந்தெந்தச் செயலிக்கு உங்கள் இருப்பிடம் தெரியும் என்று இப்போதே பாருங்கள்" என்று சொல்லலாம். இயன்முறை மருத்துவர் எல்லாரையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லலாம். அடுத்தது, விடை சீக்கிரம் தெரிய வேண்டும். பத்து ஆண்டில் பலன் தெரியும் என்பது உண்மையாகவே இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. மூன்றாவதுதான் முக்கியம்: நீங்கள் சொன்னது பொய்த்துப்போக வாய்ப்பு இருக்க வேண்டும். "உங்களில் சிலருக்கு அவ்வப்போது சோர்வு வரும்" என்று சொன்னால் யாருக்கும் பொருந்தும். அது குறி சொல்வதில் சேரும். மஞ்சள் எந்த இலையில் என்று சொன்னால் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அந்த ஆபத்தை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பது கேட்பவருக்குச் சொல்லாமலே புரியும்.

முடிந்தால் அங்கேயே, அவர்கள் கண் முன்னால் செய்துகாட்டுங்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு நடந்த விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் செய்தது இதுதான். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் இறுக்கி, மேசை மேலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. குளிரில் அதன் மீள்தன்மை போய்விடுகிறது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அவர் நோபல் பரிசு பெற்றவர்தான். ஆனால் அந்த நிமிடத்தில் பரிசு தேவைப்படவில்லை.

படி 4: முன்கூட்டிச் சொன்னதற்குப் பதிவு வையுங்கள்

நடந்து முடிந்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்பவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. நடக்கும் முன்பே தேதி போட்டு எழுதி, நாலு பேர் பார்க்கும்படி வைத்திருப்பவர்கள் குறைவு. என்ன நடக்கும், எப்போதைக்குள், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். பலிக்காததையும் அழிக்காதீர்கள். பலித்தவை மட்டும் இருக்கும் பதிவை யாரும் நம்ப மாட்டார்கள். பலிக்காதவையும் கிடந்தால்தான் மற்றவை மேல் நம்பிக்கை வரும்.

படி 5: உங்கள் பெருமையை வேறொருவர் சொல்லட்டும்

சுயபுராணம் யார் சொன்னாலும் கசக்கும். ஆனால் கேட்பவருக்கு உங்கள் தகுதி தெரிந்தாகவும் வேண்டும். ஆகவே கூட்டத்தை நடத்துபவரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால் அவர் பாவம், உங்கள் பட்டங்களை வரிசையாக வாசிப்பார்.

"முனைவர் பட்டம் பெற்றவர், பல கருத்தரங்குகளில் பங்கேற்றவர், பல விருதுகள் பெற்றவர்" என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் மனதிலும் ஒட்டாது. "பயிர் மஞ்சளாகிறது என்று கூப்பிட்ட வயல்களுக்கெல்லாம் நேரில் போய் மண் எடுத்துப் பார்த்தவர். எந்த உர நிறுவனத்திடமும் சம்பளம் வாங்குவதில்லை" என்று எழுதிக் கொடுத்தால் கேட்பவரின் இரண்டு சந்தேகங்கள் அங்கேயே தீரும்: இவருக்குத் தெரியுமா, இவருக்கு இதில் என்ன லாபம். இரண்டாவது சந்தேகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு லாபம் இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் முன்னால் சொன்னதும் சேர்ந்து கெடும்.

உடை, மேடை, பெரிய நிறுவனத்தின் பெயர் இவற்றுக்கெல்லாம் வலிமை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பயப்படும் அளவுக்கு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையில், சாம்பல் நிற ஆய்வக மேலங்கி போட்ட ஒருவர் சொன்னார் என்பதற்காக, 40 பேரில் 26 பேர் இன்னொரு மனிதருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாமல் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் செய்தபோது கடைசி வரை போனவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. அங்கேயும் அவ்வளவு பேர்! அடையாளங்கள் ஆட்களைக் கீழ்ப்படிய வைக்கும். கீழ்ப்படிந்தவர் நீங்கள் அந்தப் பக்கம் போனதும் தன் பழைய வழிக்குப் போய்விடுவார். சுத்தமாக, இடத்துக்கு ஏற்றபடி உடுத்துங்கள். அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

படி 6: ஓட்டையை நீங்களே காட்டுங்கள்

டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அந்த நூலில் ஒரு முழு இயலையே தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களுக்கு ஒதுக்கினார். இடைப்பட்ட உயிர் வடிவங்கள் ஏன் எங்கும் காணப்படவில்லை, கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்க முடியும் என்று எதிராளி கேட்கும் முன்பே அவரே கேட்டுவிட்டார். எதிராளி பேச வரும்போது அவர் வாதம் பழையதாகிவிட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடம் உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டும் சகாக்களும் செய்த ஆய்வும் இதைத் தொட்டது. ஏற்கனவே எதிர்க் கருத்து உள்ளவர்களிடமும் நன்றாகப் படித்தவர்களிடமும், இரு பக்கத்தையும் சொன்ன பேச்சு கூடுதலாக வேலை செய்தது. ஏற்கனவே உங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு பக்கமே போதும். ஆகவே யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அளவைத் தீர்மானியுங்கள்.

குறையை எப்போது சொல்வது என்பதிலும் ஒரு முறை உண்டு. 1966இல் உளவியலாளர் எலியட் ஆரன்சனும் சகாக்களும் மாணவர்களுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினாவில் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவர், கடைசியில் காபியைத் தன் மேல் கொட்டிக்கொண்டபோது அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் குறைந்தது. எனவே முதல் வரியிலேயே "நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, ஏதோ தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று தொடங்கும் அவையடக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். முதலில் இலையைக் காட்டுங்கள். கூட்டம் உங்கள் பக்கம் வந்த பிறகு, "இலையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது; வேரழுகல், நீர்த்தேக்கம், கந்தகப் பற்றாக்குறை இவற்றாலும் மஞ்சளாகும், அதனால்தான் பரிசோதனை கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். குறையைச் சொன்னதும் ஆயிற்று, அதுவே வேண்டுகோளுக்கு வாசலாகவும் ஆயிற்று.

படி 7: கேள்வி நேரத்துக்குத் தனியாகத் தயாராகுங்கள்

பேச்சு முன்கூட்டித் தயாரித்தது என்று எல்லாருக்கும் தெரியும். உங்களை அளக்கக் கேள்வி நேரம் வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, நான் நாற்பது வருஷமா பரிசோதனை இல்லாமத்தான் விவசாயம் பண்றேன். விளையலையா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டினால் தோற்றீர்கள். "நல்லா விளைஞ்சிருக்கும் ஐயா. உங்க மண்ணு உங்களுக்குத் தெரியும். போட்ட உரத்துல எவ்வளவு தேவைப்பட்டது, எவ்வளவு வீணாப்போச்சுன்னு மட்டும் பரிசோதனை சொல்லும். உங்க வயல்ல ஒரு துண்டுல மட்டும் செஞ்சு பார்ப்போமா?" அவர் அனுபவத்துக்கும் இடம் கொடுத்தாயிற்று, சரிபார்க்க ஒரு வழியும் கொடுத்தாயிற்று. நல்லெண்ணம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இந்த மாதிரி இடத்தில்தான் வெளியே தெரியும்.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது" என்று முடித்துவிடாதீர்கள். எது வரை தெரியும், எங்கிருந்து தெரியாது, யாரைக் கேட்டால் தெரியும், எப்போது பதில் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் பதில் போய்ச் சேர வேண்டும். அதுவும் அவர்கள் சரிபார்க்கக்கூடிய ஒன்றுதான்.

படி 8: பேசி முடித்த பிறகு மறுபடி போங்கள்

இதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. 1951இல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பகமானவர் எழுதியதாகவும் சிலருக்கு நம்பத்தகாத இடத்திலிருந்து வந்ததாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரைக்கு ஒரு பக்கம் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் பெயர், இன்னொரு பக்கம் சோவியத் நாளேடான பிராவ்தாவின் பெயர். படித்த உடனே, நம்பகமான பெயர் அதிகம் பேரை மாற்றியது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த வேறுபாடு கரைந்துவிட்டிருந்தது. சொன்னது நினைவில் நின்றது, யார் சொன்னார் என்பது அதிலிருந்து கழன்றுகொண்டது. 1953இல் வந்த இன்னோர் ஆய்வில், சொன்னவர் யார் என்பதை மறுபடி நினைவூட்டியதும் வேறுபாடு திரும்பி வந்தது.

ஆகவே மூன்று, நான்கு வாரத்துக்குள் அவர்கள் கண்ணில் மறுபடி படுங்கள். ஒரு சிறு குறிப்பு அனுப்பலாம், நேரில் போய் "இலையைப் பார்த்தீர்களா, எந்தப் பக்கம் மஞ்சள்?" என்று கேட்கலாம். அப்போது ஒருவர் "நீங்க சொன்ன மாதிரி இல்லையே" என்று சொன்னால் அவரோடு அந்த வயலுக்கே போங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வயலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

படி 9: எல்லையைத் தாண்டக் கூப்பிட்டால்

நம்பிக்கை சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம், உங்களுக்குத் தெரியாததையும் உங்களிடம் கேட்கத் தொடங்குவார்கள். மண்ணைப் பற்றிச் சொன்னவரிடம் பூச்சிமருந்து, கடன், மாட்டுக்கு வந்த காய்ச்சல் வரை வரும். மறுக்க மனம் வராது. லைனஸ் பாலிங்குக்கும் வரவில்லை. 1954இல் வேதியியலுக்கும், 1962ஆம் ஆண்டுக்கான அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர், 1970 முதல் வைட்டமின் சி அதிக அளவில் எடுத்தால் சளி பிடிக்காது என்று பிரசாரம் செய்தார். அவர் பெயருக்காகவே ஏராளமானோர் வாங்கிச் சாப்பிட்டார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில், பொதுமக்களுக்குச் சளி வருவதை அது தடுப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் பரப்புக்கு அடுத்தடுத்த பரப்புகளில் யார் நம்பகமானவர் என்று ஒரு சிறு பட்டியலை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள். மாட்டுக் காய்ச்சல் பற்றிக் கேட்டவரிடம் அந்த மருத்துவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். பத்து நாள் கழித்து மாடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். சரியான ஆளிடம்தான் அனுப்பினீர்களா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.